கொம்பனித்தெருவில் இருந்து வந்த மலே அச்சாறு: வாங்கலாமா?

முதலில் அச்சாறைச் சொல்லிவிடுகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கொழும்பு கொம்பனித்தெருவில் வீட்டிலேயே சமைத்து விற்கும் ஒரு மலாய அக்காவிடம் இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு போத்தல் மலே அச்சாறும் இருபது பஸ்தோலும் (இறைச்சி வைத்து மடித்த பலகாரம்) ஒரு தட்டு வட்டிலப்பமும் சொல்லி எடுப்பித்தேன். அச்சாறுப் போத்தல் நாலாம் நாளே காலி. வீட்டில் ஐந்து பேர், அதில் இருவர் அச்சாறு தொடாதவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவர்கள்.

மலே அச்சாறு என்று எழுதிய போத்தல்கள் யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் இருக்கின்றன. நான் வாங்கிப் பார்த்தவற்றில் சீனிப்பாகும் வினாகிரியும்தான் முன்னுக்கு நின்றன. இது வேறு. சின்ன வெங்காயம் முழுசாக, பச்சை மிளகாய் முழுசாக, பப்பாசிக்காய்த் துண்டு, கரட், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், இவ்வளவையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது வினாகிரியில் அரைத்த கடுகு. வாயில் போட்டதும் கடுகு மூக்குக்கு ஏறும், அது இறங்கும்போது பேரீச்சம்பழத்தின் இனிப்பு வரும், அதற்குப் பிறகுதான் வெங்காயம் நறுக்கென்று கடிபடும். வெங்காயம் எப்படி இப்படி மொறுமொறுப்பாக இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டேன். "கொதிக்கிற வினாகிரிக்குள்ள போட்டு உடனே எடுத்திரணும் தம்பி, நின்று பார்த்தீங்கன்னா அவிஞ்சு போயிரும்" என்றார். வந்த அன்றே திறக்காதீர்கள், முதல் நாள் வினாகிரி தூக்கலாக இருக்கிறது. மூன்றாம் நாள்தான் உண்மையான ருசி. சோறு, பருப்பு, பொரித்த மீனோடு வைத்தால் வேறு கறி தேவைப்படாது. புட்டோடு சாப்பிட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை.

அடுத்தது பஸ்தோல். நம்முடைய பற்றிஸ் மாதிரி அரைவட்டமாக மடித்து ஓரத்தைப் பின்னல் போல முறுக்கியிருப்பார்கள், உள்ளே இறைச்சி. பொரிக்காமல் உறைய வைத்து அனுப்புகிறார், நாங்கள்தான் பொரிக்க வேண்டும். இங்கேதான் பிரச்சினை வந்தது. காலையில் வர வேண்டிய பெட்டியைப் பொதி கொண்டுவந்தவர்கள் மறுநாள் பின்னேரம்தான் தந்தார்கள். ஐஸ் முழுக்கக் கரைந்து, இருபதில் ஏழு ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்துவிட்டது, மிச்சத்தை மணந்து பார்த்துப் பயந்து பயந்துதான் பொரித்தேன். பொரித்தவை நன்றாகவே இருந்தன, மா மெல்லிசு, எண்ணெய் குடிக்கவில்லை. ஆனாலும் எங்கள் வெயிலில் இந்தப் பயணம் பஸ்தோலுக்குச் சரியில்லை, கொழும்புக்குப் போகிறவர்கள் கையோடு கொண்டுவருவதுதான் நல்லது. படத்தை அனுப்பியவுடன் அக்கா ஏழுக்கும் காசைத் திருப்பிப் போட்டுவிட்டார். பிழை அவருடையது இல்லை, நான் கேட்கவும் இல்லை.

இன்னொன்று, பஸ்தோலுக்கும் பாபத் கறிக்கும் அவர்கள் வழக்கமாக எடுப்பது மாடு. (பாபத் என்றால் இரைப்பை.) எங்கள் வீட்டில் மாடு இல்லை என்று முன்னமே சொல்லியிருந்ததால் கோழியில் செய்து தந்தார், சட்டியும் வேறு என்றார். நீங்களும் வெட்கப்படாமல் முதலே சொல்லுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போது அம்மா கேட்ட முதல் கேள்வி, "மலாயாவில இருந்தோ வந்தது?" யாழ்ப்பாணத்தில் மலாயா என்றால் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பிய தாத்தாமார்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இந்த நாட்டிலேயே ஒரு மலாயச் சமூகம் இருக்கிறது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் "முஸ்லிம் ஆக்கள்தானே" என்று நிறுத்திவிடுவோம். 2012 கணக்கெடுப்பில் அவர்கள் சுமார் 44,000 பேர். டச்சுக்காரர் ஜாவாவிலும் சுற்றுத் தீவுகளிலும் இருந்து படைவீரர்களாகவும் அடிமைகளாகவும் நாடு கடத்தப்பட்ட அரச குடும்பத்தவராகவும் கொண்டுவந்தவர்களின் வழி. ஜாவாவின் மத்தராம் அரசை ஆண்ட மூன்றாம் அமங்குராட்டையே 1708இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு ஆங்கிலேயரின் ரைபிள் படையில் நிறையப் பேர் சேர்ந்தார்கள், 1873இல் அந்தப் படையைக் கலைத்தபோது வேறு வேலை தேட வேண்டி வந்தது. அக்காவின் கணவருடைய மூதாதையரும் அந்தப் படையில் இருந்தவர்கள்தானாம்.

நான் அதிகம் யோசித்தது அவர்களுடைய மொழியைப் பற்றி. என்னோடு தமிழில் கதைத்துக்கொண்டிருந்தவர் நடுவில் மகளிடம் மலாயில் ஏதோ சொன்னார், அதில் "ரூமாநங்" என்று ஒரு சொல் காதில் விழுந்தது. என்ன என்று கேட்டேன். ரூமா என்றால் வீடு, ரூமாநங் என்றால் வீட்டுக்கு. நாங்கள் "க்கு" போடுகிற இடத்தில் அவர்கள் "நங்" போடுகிறார்கள்! வினையும் எங்களைப் போலவே கடைசியில் வருமாம். மலேசியாவில் பேசும் மலாயில் இப்படி ஒட்டு கிடையாது. முந்நூறு வருடம் தமிழும் சிங்களமும் பேசுகிறவர்களுக்கு நடுவில் இருந்து, சொல்லைத் தங்களுடையதாகவே வைத்துக்கொண்டு வாக்கியத்தை எங்களைப் போல அமைக்கப் பழகியிருக்கிறார்கள். எங்கள் சாரமும் தொதலும் றம்புட்டானும் மலாய்ச் சொற்கள், அவர்களுடைய கெடாயும் காப்பாலும் எங்கள் கடையும் கப்பலும்.

சாவகச்சேரிக்காரர்கள் இந்த இடத்தில் சந்திரபானுவை இழுப்பார்கள் என்று தெரியும். 1247இல், இன்றைய தெற்குத் தாய்லாந்தில் இருந்த தாம்பிரலிங்கத்தில் இருந்து படையோடு வந்து பிறகு வடக்கில் ஆண்டவன், அந்தச் சாவகரின் (மலாய நாட்டவரின்) பெயரால் வந்த ஊர் என்று சொல்வதுண்டு. இருக்கலாம், ஆனால் இந்த அக்காவின் ஆட்கள் அதற்கு நானூறு வருடத்துக்குப் பிறகு டச்சுக் கப்பலில் வந்தவர்கள்.

போத்தலில் ஒரு குறை, ஒட்டியிருக்கும் தாளில் எல்லாம் ஆங்கிலம், செய்த திகதியும் இல்லை. திகதியாவது போடுங்கள் அக்கா என்றேன், ஒத்துக்கொண்டார். அவருடைய பாட்டி மலாயை அரபு எழுத்தில் எழுதுவாராம், அதற்குக் குண்டுல் என்று பெயர். அந்த எழுத்தில் 1869இலேயே கொழும்பில் "அலாமத் லங்காபுரி" என்று ஒரு மலாய்ப் பத்திரிகை வந்திருக்கிறது. இப்போது வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று அவர் சொன்னபோது எனக்கு மனம் கஷ்டமாகப் போய்விட்டது.

வட்டிலப்பத்தை மறந்துவிட்டேன். கித்துள் கருப்பட்டி, முட்டை, தேங்காய்ப்பால், ஏலக்காய், மேலே கஜு. இது மலாயர் வழியாக இந்தத் தீவுக்கு வந்தது என்று சொல்கிறார்கள். பெருநாளுக்கு நண்பர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அதைவிட இதில் இனிப்புக் குறைவு, கருப்பட்டியின் புகைமணம் கூட. பெட்டி பிந்தியும் இதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அதிசயம்தான், என்றாலும் அதை நம்பி நீங்கள் எடுக்க வேண்டாம்.

அச்சாறு போத்தல் 900 ரூபா, அனுப்புகிற செலவு வேறு. ஒரு போத்தலுக்கு அந்தச் செலவு கட்டாது, மூன்று நாலு வீடு சேர்ந்து சொல்லுங்கள். வியாழன் மத்தியானத்துக்கு முன் சொன்னால் வெள்ளி இரவு ஏற்றிவிடுகிறார், நோன்பு மாதத்தில் வெளியூருக்கு அனுப்புவதில்லை. நான் இந்த வியாழனுக்கு ஆறு போத்தல் சொல்லியிருக்கிறேன், அதில் இரண்டு அம்மா கேட்டவை.