வாக்ஸ் ஆம்ப்ளிபயரும் திருவல்லிக்கேணி மெக்கானிக்கும்

வெளிநாட்டில் வால்வு ஆம்ப்ளிபயர் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் ஒலிபெருக்கி) வைத்திருப்பவர்களுக்கு அதைப் பழுதுபார்க்கும் செலவு தெரியும். லண்டனில் நான் போகும் பட்டறையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். திறந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம். சென்னையில் இந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிதார் கடைகளில் விசாரித்துப் பயனில்லை. வால்வு ரேடியோ பார்த்தே தலை நரைத்தவர்களைத் தேடிப் போக வேண்டும்.

சித்தப்பா மெல்லிசைக் குழுவில் வாசித்த காலத்து வாக்ஸ் ஏசி30 என்ற பிரிட்டிஷ் கிதார் ஆம்ப்ளிபயர், மயிலாப்பூர் வீட்டில் உறை போட்டுக் கிடந்தது. 30 வாட், ஸ்பீக்கரை ஓட்டும் நான்கு இஎல்84 வால்வுகள், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள். யாரும் ப்ளக்கைச் செருகக் கூடாது என்று கிளம்புவதற்கு முன்பே போனில் சொல்லிவைத்தேன். நெடுங்காலம் மின்சாரம் காணாத எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) காய்ந்துபோயிருக்கும். ஒரேயடியாக முழு மின்னழுத்தம் கொடுத்தால் அவை ஷார்ட் ஆகி, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வையும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரையும் கெடுத்துவிடலாம். வால்வு வாங்கிவிடலாம், அந்தக் காலத்து டிரான்ஸ்பார்மருக்கு எங்கே போவது?

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் முதலில் கேட்ட கடையில், "வால்வையெல்லாம் எடுத்துவிட்டு டிரான்சிஸ்டர் போர்டு வைத்துத் தருகிறோம் சார், சத்தம் இன்னும் கூடும்" என்றார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அதே தெருவில் கண்டன்சர் விற்கும் பெரியவர் ஒருவர்தான் திருவல்லிக்கேணிக்கு வழி சொன்னார்.

அங்கிருந்த மெக்கானிக் எழுபதைத் தாண்டியவர். பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டமான சேசிஸைத் திருப்பிப் பார்த்ததும், "ரேடியோவில் வரும் அதே வால்வுதானே தம்பி" என்றார். உண்மைதான். இஎல்84, அதற்கு முன்கட்டத்தில் ஒலியைப் பெருக்கும் ஈசிசி83 இரண்டையும் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் தயாரித்தது. அவருடைய இழுப்பறையில் அந்த நிறுவனத்தின் வால்வுகள் பெட்டி பிரிக்காமல் இருந்தன.

அவர் வேலை செய்த ஒழுங்கைச் சொல்லியே ஆக வேண்டும். வால்வுகளைக் கழற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பை மின்சாரம் வரும் வழியில் சீரீஸில் போட்டு மின்சாரம் கொடுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தபடி நின்றால் ஷார்ட். இழை மங்கலாகச் சிவந்தால் டிரான்ஸ்பார்மர் நலம். மங்கலாகவே சிவந்தது. பவர் சப்ளை கண்டன்சர்களை மாற்றினார். ஒலியை மட்டும் இஎல்84இன் கிரிட்டுக்கு (ஒலியை உள்வாங்கும் முனை) விட்டு டிசியைத் தடுக்க வேண்டிய கப்ளிங் கண்டன்சர்களில் ஒன்று டிசியைக் கசியவிட்டது. அப்படியே விட்டால் வால்வின் பிளேட் சிவந்து வெந்துபோகும். அதையும் மாற்றினார். இடையிடையே மின்சாரத்தை நிறுத்தும்போதெல்லாம், ரெசிஸ்டர் வைத்துக் கண்டன்சர்களை வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வைத்தார். ப்ளக்கைப் பிடுங்கிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடிய இடம் அது.

அளவு சரியாக இருந்த எதையும் அவர் தொடவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். எல்லாவற்றையும் புதிதாக மாற்றித் தருகிறேன் என்பவரிடம் பழைய ஆம்ப்ளிபயரைக் கொடுக்காதீர்கள்.

ஏசி30இல் வால்வில் ஓடும் மின்னோட்டத்தைச் சரிசெய்யும் பயஸ் திருகு கிடையாது. அந்த மின்னோட்டத்தை நிர்ணயிப்பது நான்கு இஎல்84க்கும் பொதுவான ஒரே கேத்தோட் ரெசிஸ்டர் என்பதால், டெஸ்டரில் அளவு ஒத்துவந்த நான்கைப் பொறுக்கிப் போட்டார். கடற்காற்றில் களிம்பேறிய சாக்கெட்டுகளைச் சுத்தம் செய்தார். கரகரப்பில் பாதி அங்கேயே போய்விட்டது. வீட்டுச் சுவரில் 240 வோல்ட் வருகிறது, ஆம்ப்ளிபயரின் மின்னழுத்தத் தேர்வோ 225இல் இருந்தது. 245க்கு மாற்றச் சொன்னார். இந்த ஆம்ப்ளிபயரில் இஎல்84 ஏற்கெனவே தன் எல்லையில் ஓடுகிறது, அதற்கு மேலும் ஏற்றக் கூடாது. இரண்டு கம்பி வயரை வெட்டிப் போட்டு, எர்த்துடன் மூன்று பின் ப்ளக் பொருத்தினார்.

வீட்டில் வாசித்தபோது வந்த ரீங்காரத்துக்குக் காரணம் மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். விசிறியை நிறுத்தியதும் அடங்கியது. ஏசி30இல் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து ஒலியைச் சீராக்குவது) இல்லாததால், வால்யூம் ஏற ஏற ஒலி முரடாகாமல் மெல்லத் தடித்துக்கொண்டே போகிறது. கட் குமிழை வலப்பக்கம் திருப்பினால் கூர்மை குறையும். கூடும் என்று நினைத்துத் திருப்பிப் பலர் குழம்புகிறார்கள்.

பாகங்களோடு 6,500 ரூபாய் ஆனது. மாற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டுத் தந்தார், கேட்காமலே. ஒரு ஸ்பீக்கரின் கோன் ஓரம் கிழிந்திருக்கிறது. அதை அடுத்த முறை பார்க்க வேண்டும். அதுவரை ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவைத்து ஆம்ப்ளிபயரைப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.