ஃபெர்ரியில் இறங்கிய பிறகு: நடையா, சைக்கிளா, கப்சாயா?

2021 ஜனவரியிலிருந்து மலேசியாவின் பினாங்கு ஃபெர்ரியில் கார் ஏறுவதில்லை. பெருநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து கடல் வழியாகத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்கு வருபவர் வெறுங்கையோடு வருகிறார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார், அல்லது மோட்டாரோடு வருகிறார். ஆகவே இந்தப் பாதையில் நடைக்கும் சைக்கிளுக்கும் போட்டி கார் இல்லை, கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள்தான்.

முதலில் காசுக் கணக்கை முடித்துவிடுவோம், அது சீக்கிரம் முடியும். கப்சாய் ஒரு லிட்டருக்கு 40 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும். மானிய விலைப் பெட்ரோல் லிட்டர் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) சுற்றில் நிற்கிறது. நகருக்குள் போக வர 4 கிலோமீட்டர் என்றால் செலவு 20 காசு. ஃபெர்ரியைத் தவிர்த்துப் பாலத்தில் போனாலும் 2019 ஜனவரி முதல் மோட்டாருக்கு டோல் கிடையாது. 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆக, 'நடந்தால் காசு மிச்சம்' என்ற பிரச்சாரம் இங்கே எடுபடாது. ஒருவரை நடக்கவோ மிதிக்கவோ வைப்பது வேறு நாலு விஷயங்கள்: நிழல், சாலையைக் கடப்பது, போய்ச் சேரும் இடத்தில் என்ன இருக்கிறது, திரும்பும்போது கையில் என்ன இருக்கிறது.

ஜெட்டியிலிருந்து லிட்டில் இந்தியா: சுமார் 600 மீட்டர்

சாதாரண நடை நிமிடத்துக்கு 75 மீட்டர். சமிக்ஞை விளக்கில் நிற்பதையும் சேர்த்து ஒன்பது, பத்து நிமிடம். மோட்டாருக்கும் ஏறத்தாழ இதே நேரம்தான் ஆகும். ஃபெர்ரியிலிருந்து வரிசையாக வெளியேற வேண்டும், ஒருவழிச் சாலைகளைச் சுற்ற வேண்டும், நிறுத்த இடம் தேட வேண்டும், ஹெல்மெட்டைப் பூட்ட வேண்டும். சைக்கிள் மூன்று நிமிடத்தில் போய்விடும். பூட்ட இரண்டு நிமிடம். மிச்சமாகும் நாலைந்து நிமிடத்துக்காக ஒரு சைக்கிளைப் பராமரிப்பது வீண். இந்தத் தூரத்துக்கு நடைதான்.

ஆனால் வெயில் ஏறிய பிறகு இந்த 600 மீட்டரை நடக்க முடியுமா என்பதை முடிவு செய்வது அஞ்சடி. கடைவீட்டு முகப்பின் கீழே ஓடும் அந்த ஐந்தடிப் பாதை வெயில், மழை இரண்டுக்கும் கூரை. இப்படி ஒன்றை இன்று புதிதாகக் கட்டவேண்டுமென்றால் எத்தனை கூட்டம் போடுவார்கள்! கெடுவது எங்கே என்றால், ஒவ்வொரு கடைவீட்டின் தளமும் தனித்தனி உயரம். ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு ஒரு படி ஏறும், அதற்கடுத்து இரண்டு படி இறங்கும். நடுவில் துணி ஸ்டாண்டு, பூச்சட்டி, அரிசி மூட்டை, நிறுத்திய மோட்டார். ஓரிடத்தில் அடைத்துவிட்டால் சாலையில் இறங்க வேண்டும். இறங்கும் இடத்தில் சாக்கடை. இளைஞர் குதித்துப் போய்விடுவார். முழங்கால் வலிக்கும் அம்மாவும், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்திருப்பவரும் அன்றோடு நடப்பதை நிறுத்துவார்கள். மழையில் நனைந்த பழைய ஓடு சிலிப்பருக்கு எதிரி. வரியோடிய ரப்பர் அடி வைத்த செருப்பு வேண்டும்.

சாலையைக் கடப்பதையும் எண்ணிப் பார்க்கலாம். நாலு வரிசைச் சாலை ஏறக்குறைய 14 மீட்டர் அகலம். நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு 12 நொடி போதும். வயதானவர் நொடிக்கு ஒரு மீட்டருக்கும் கீழே நடப்பார். அவர் நடுவில் இருக்கும்போதே விளக்கு மாறும். பச்சைக்கு ஒன்றரை நிமிடம் காத்திருப்பதும் நூறு மீட்டருக்கு மேல் கூடுதலாக நடப்பதும் ஒன்றுதான், அதுவும் வெயிலில் அசையாமல் நின்றபடி. ஆகவே எது கிட்ட என்று பார்க்காதீர்கள், எதில் கடக்கும் இடங்கள் குறைவு என்று பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

ஜெட்டியிலிருந்து கொம்தார் கோபுரம்: ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர்

உண்மையான போட்டி இங்கேதான். நடந்தால் 23 முதல் 25 நிமிடம். கேட் (CAT) என்ற இலவச நகர பஸ் இருக்கிறது. வந்து நின்றால் அதுதான் ராஜா, வராவிட்டால் காத்திருக்கும் நேரத்தில் பாதித் தூரம் நடந்திருக்கலாம். மணிக்கு 15 கிலோமீட்டரில் மிதித்தால் ஏழு நிமிடம், பூட்டுவதோடு பத்து. நகரம் தட்டையானது, மேடு கிடையாது, கியர்கூட அவசியமில்லை. காகிதத்தில் சைக்கிள் ஜெயித்துவிட்டது.

காகிதத்துக்கு வெளியே வியர்வை. பலர் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். மிதிக்கும்போது காற்று வியர்வையைக் காயவைக்கிறது. இறங்கியதும் காற்று நின்றுவிடும், உடம்புச் சூடு நிற்காது. அடுத்த பத்து நிமிடத்தில்தான் சட்டை நனையும். ஈரப்பதம் மிகுந்த இந்த ஊரில் அது தானாகக் காயாது. எனவே கடைசி 500 மீட்டரை மெதுவாக மிதியுங்கள், பத்து நிமிடம் முன்னதாக வந்து காற்றாடிக்கு அடியில் உட்காருங்கள், சட்டையை அதன் பிறகே மாற்றுங்கள். வந்த உடனே மாற்றினால் இரண்டாவது சட்டையும் போச்சு. முதுகுப்பை வேண்டாம், பின் கேரியரில் பக்கப்பை மாட்டினால் முதுகு நனைவது வெகுவாகக் குறையும். அலுவலகத்தில் குளியலறைதான் வேண்டும் என்றில்லை. ஒரு குழாயும், கதவு பூட்டும் அறையும், துண்டு காயப்போட ஒரு கொக்கியும் போதும்.

மழையில் நடைக்கு ஒரு வசதி உண்டு: குடை. மூவரில் நடப்பவர் மட்டுமே ஒரே பொருளை வெயிலுக்கும் மழைக்கும் வைத்துக்கொள்ள முடியும். சைக்கிளில் மழை அங்கி போட்டால் வெளியே நனையாமல் உள்ளே வியர்வையில் நனைவோம். கைப்பிடிவரை மூடும் தொளதொள போஞ்சோ, சக்கரத்துக்கு மட்கார்டு, கழற்றி வைக்க ஒரு பிளாஸ்டிக் பை, இதுதான் சரியான கூட்டு. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். சைக்கிள்காரர்கள் அந்த மாதங்களில்தான் மோட்டாருக்குத் திரும்புகிறார்கள், பிறகு ஜனவரியிலும் சைக்கிளை எடுப்பதில்லை. பழக்கம் அறுந்துவிடுகிறது. மழைநாளுக்கு பஸ் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தவர்தான் நீடிக்கிறார்.

சைக்கிளுக்கு இன்னும் மூன்று ஆபத்து. சாக்கடை இரும்புச் சட்டத்தின் இடைவெளி சாலையின் போக்கிலேயே இருந்தால் ஒல்லியான டயர் உள்ளே இறங்கிவிடும், 1.75 அங்குலத்துக்குக் குறையாத டயர் போடுங்கள். நிறுத்திய கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுங்கள், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. மூன்றாவது உப்புக் காற்று: தினம் கடல் கடக்கும் சங்கிலி சீக்கிரம் துருவேறும். வாரம் ஒருமுறை துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதை மீண்டும் துடைத்துவிட வேண்டும். வழிந்த எண்ணெயில் மணல் ஒட்டினால் துருவைவிட அதுதான் சங்கிலியைத் தின்னும். சுடிதார் துப்பட்டா, சேலை முந்தானைக்குச் சங்கிலி மூடியும் பின்சக்கர வலையும் கட்டாயம்.

2016 இறுதியில் தொடங்கிய லிங்க்பைக் போன்ற வாடகை சைக்கிள் இந்தப் பராமரிப்பை மிச்சப்படுத்தும். நிலையத்தில் எடுத்து நிலையத்தில் விடும் முறை என்பதால், இரு முனையிலும் நிலையம் பக்கத்தில் இருந்தால் மட்டுமே அது நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

அதற்கு மேல்

பெரிய மருத்துவமனைப் பக்கம், மூன்று நான்கு கிலோமீட்டர்: நடை போட்டியிலிருந்து விலகுகிறது, சைக்கிளும் மோட்டாரும் மட்டும். காலையில் சைக்கிள் தாக்குப்பிடிக்கும். மாலையில் ஐந்து கிலோ அரிசியும் காய்கறியும் வாங்கித் திரும்பினால் முன்கூடை கனத்து ஹேண்டில் ஆடும். கனத்தைப் பின்னால், தாழ்வாகக் கட்டுங்கள். தீவின் தெற்கே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலை என்றால் மோட்டார், அல்லது கம்பெனி பஸ். அங்கே வாதாட ஒன்றுமில்லை. நின்றபடி ஓட்டும் சிறிய மின் ஸ்கூட்டர் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2021 விதிகளின்படி அது பொதுச் சாலையில் தடை.

ஆனால் தூரம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் தைப்பூசம் சிரிக்கும். குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவில் பக்கமிருந்து தண்ணீர்மலை வரை வெறுங்காலோடு பல கிலோமீட்டர் நடந்து, அதற்கு மேல் முருகன் கோவிலுக்கு 513 படியும் ஏறுபவர்கள், மறுநாள் முச்சந்திக் கடைக்கு மோட்டார் எடுக்கிறார்கள். பக்தி ஒரு காரணம், சரி. அன்று சாலையில் வண்டி இல்லை, வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல், கூட நடக்க ஆள், இதுவும் காரணம்தான்.

முடிவு எடுக்கப்படும் இடம்

லிட்டில் இந்தியாவுக்கு நடைதான் என்றோம். பிறகு ஏன் அங்கே இத்தனை மோட்டார்? பட்டர்வொர்த்து வீட்டிலிருந்து ஜெட்டிக்கு வரவே மோட்டார் எடுத்தாகிவிட்டது. அக்கரையில் நம்பி விட்டுவர இடமில்லை என்றால் அதையும் ஏற்றிக்கொண்டுதான் வருவார். நடப்பவருக்கும் மோட்டாருக்கும் கட்டண வித்தியாசம் ஒரு தே தாரிக் டீயின் விலைகூட இல்லை. காமிரா வைத்து, கூரை போட்டு, ஆள் நடமாட்டம் உள்ள நிறுத்துமிடம் அக்கரையில் இருந்தால் இக்கரையில் நடப்பவர் கூடுவார்.

சைக்கிளுக்கும் இதேதான். மூன்றாம் மாடிக்கு மேல் வசிப்பவர் 12 கிலோ மடிப்பு சைக்கிளைத் தினம் தூக்கிப் படியேற மாட்டார். லிஃப்ட் வாரத்துக்கு இரண்டு நாள் கெட்டால் அந்த வாரமே சைக்கிள் பால்கனியில் துணி காயவைக்கப் போய்விடும். கீழே விடுவதென்றால் சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து யூ பூட்டால் இரும்புக் கம்பியில் பூட்ட வேண்டும். பல அடுக்குமாடிகளில் பூட்டு இருக்கிறது, கம்பிதான் இல்லை. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் பெரிய சைக்கிள் பாதை கேட்பதைவிட, காவல்காரர் அறைக்கு எதிரே தரையில் சிமெண்டு வைத்துப் பதித்த ஐந்து வளைகம்பி கேளுங்கள். ஒரு கம்பியில் இரண்டு சைக்கிள் நிற்கும்.