அம்மாவின் பல்செட்: ஸ்கேனர் வைத்து அளவெடுத்த கிளினிக்

அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் இல்லை. வாயில் அச்சு மாவு வைத்து அளவெடுத்தாலே குமட்டும். அதனால்தான் ஸ்கேனர் உள்ள கிளினிக்குக்குப் போனோம். கருவியை வாய்க்குள் நகர்த்த நகர்த்தத் திரையில் பல்வரிசை உருவானது. அந்த அளவை வைத்து, கோபால்ட்-குரோம் என்ற உலோகக் கலவைப் பொடியை லேசரால் உருக்கி அச்சிட்ட, பல்செட்டைத் தாங்கும் சட்டம் வந்தது. டாக்டர் அதன் உள்பக்கம் சிலிகான் பசை தடவி, பொருத்தி எடுத்துக் காட்டினார். பசை விலகி உலோகம் தெரிந்த இடம்தான் இறுக்கம். அங்கே மட்டும் லேசாக ராவினார். மீதிப் பற்களைப் பிடிக்கும் கொக்கிகள் கச்சிதம்.

ஆனால் மெல்லும்போது ஈறு அமுங்கும். ஸ்கேனில் அமுங்காத ஈறுதான் பதியும். அதனால் பின்பக்கத்துக்கு மட்டும், சட்டத்தை மாட்டியபடியே பழைய முறையில் அச்சு எடுத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இந்த நிதானம்தான். செலவு கூடுதல், ஆனாலும் தயங்காமல் போகலாம்.