இரண்டாம் நிலைக் காவலரா, நேரடி எஸ்.ஐ.யா?

இரண்டுக்கும் ஆள் எடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்தான். காவலருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எஸ்.ஐ.க்குப் பட்டம் வேண்டும். பொதுப்பிரிவு வயது வரம்பு காவலருக்கு 18 முதல் 26, எஸ்.ஐ.க்கு 20 முதல் 30. மற்ற பிரிவினருக்குத் தளர்வு உண்டு.

மைதானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆண்கள் இரண்டிலும் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது கயிறு ஏறுவதில்தான். கால்பிடி சரியில்லாமல் கைபலத்தை மட்டும் நம்பினால் பாதி உயரத்திலேயே கை எரிந்து சறுக்கிவிடும். எஸ்.ஐ.க்கு அப்புறம் நேர்முகத் தேர்வும் இருக்கிறது. காவலருக்கு அந்தத் தலைவலி இல்லை.

பயிற்சியில்தான் பாதை பிரிகிறது. காவலருக்குப் பயிற்சிப் பள்ளியில் சில மாதங்கள்: விடிகாலை பரேடு, துப்பாக்கி, அடிப்படைச் சட்டம். முடித்ததும் பெரும்பாலும் ஆயுதப்படை அல்லது சிறப்புக் காவல் படை. ஸ்டேஷன் வாசலை மிதிக்கச் சில வருஷம் ஆகும். எஸ்.ஐ.க்கு வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரி அகாடமியில் ஒரு வருடப் பயிற்சி. பரேடோடு புலன்விசாரணை, தடயவியல், பாரதிய நியாய சன்ஹிதா (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) எல்லாம் உண்டு. காரணம் எளிது: முதல் போஸ்டிங்கிலேயே வழக்கு விசாரித்துக் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

என் கணக்கில், வீட்டில் உடனே சம்பளம் தேவைப்பட்டால் காவலராகச் சேர்ந்துவிடலாம். எஸ்.ஐ. தேர்வில் துறையில் இருப்பவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது; பட்டத்தைத் தொலைநிலைக் கல்வியில் முடித்துக்கொள்ளலாம்.