“ஃபோமெட் அடிச்சா சரியாயிடும்” என்று சொன்னால் லெப்டொப்பைத் திருப்பி வாங்கிவிடுங்கள்

என் தங்கச்சி கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். 2000ஆம் ஆண்டு தொடங்கிய படிப்பு அது. கெம்பஸ் கிடைக்காத பிள்ளைகள் வீட்டில் இருந்தபடியே படித்து ஐ.டி. வேலைக்குப் போவதற்கு நம் பக்கத்தில் இருக்கும் நல்ல வழிகளில் ஒன்று. இறுதி வருட புரொஜெக்டுக்காக அவள் செய்துகொண்டிருந்தது, பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறுவையை அன்றன்றே தமிழில் பதிந்து வைக்கும் ஒரு செயலி. தராசில் எத்தனை கிலோ கழித்தார்கள், மாதக் கடைசியில் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவில், எத்தனை கிலோ விழுந்தது என்று தோட்டத்தில் நடக்கும் வாக்குவாதம் மலையகத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அதற்காக அம்மாவோடு மலைக்குப் போகும் பெண்களிடம் பேசி, அவர்கள் சொன்னதை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தாள். அந்தப் பதிவுகளும் செயலிக்காக எழுதிய புரோகிராம் கோடும் இருந்த லெப்டொப்பை ஹட்டனில் ஒரு கடை ஒரே மத்தியானத்தில் துடைத்து விட்டது.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் போகட்டும். ஆனால் அந்தக் கடையில் நடந்தது பண்டாரவளையிலோ நாவலப்பிட்டியிலோ நாளைக்கு உங்களுக்கும் நடக்கலாம்.

இரவு விண்டோஸ் அப்டேட் ஓடியிருக்கிறது. காலையில் லெப்டொப்பைத் திறந்தால் ஒரு நீலத் திரை, மீட்பு எண்ணைத் தா என்று கேட்கிறது. 48 இலக்கங்கள். நாங்கள் இருவரும் பஸ் ஏறி டவுனுக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் திரையைப் பார்த்த அடுத்த நிமிடமே சொன்னார்: “இது வைரஸ் தங்கச்சி. லொக் பண்ணிருச்சு. ஃபோமெட் அடிச்சா சரியாயிடும்.”

“அண்ணே, என் புரொஜெக்ட் எல்லாம் டி டிரைவ்ல இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகாதா?”

“சி மட்டும்தான் அடிப்போம். டி அப்படியே இருக்கும், பயப்படாதீங்க.”

நான் பக்கத்தில் நின்று கேட்ட வார்த்தைகள் இவை. பின்னேரம் போனபோது லெப்டொப் ஓடியது, டி டிரைவும் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு, புதிதாக ஒரு டி டிரைவை வெட்டி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, “பார்டிஷன் கரப்ட் ஆகியிருந்துச்சு, வேற வழி இல்ல” என்றார்கள். ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். எங்கள் நம்பரை அவர்களே துண்டில் எழுதி லெப்டொப்பின் மேல் ஒட்டியிருந்தார்கள்.

அதோடு விட்டார்களா? இல்லை. “ரெகவரி பண்ணித் தரலாம். 15,000 ஆகும், பாதி அட்வான்ஸ்” என்றார்கள். ஃபோமெட்டுக்கும் விண்டோஸுக்கும் 6,500 ரூபா கொடுத்த கையோடு அட்வான்ஸும் கொடுத்தோம். பிறகு “ட்ரை பண்ணினோம், ஆகல” என்று பதில் வந்தது. அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

இனி அந்த நீலத் திரையைப் பற்றி. இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் போதும்.

அது வைரஸ் கிடையாது. பிட்லொக்கர் என்று விண்டோஸிலேயே உள்ள ஒரு பூட்டு. லெப்டொப் களவு போனால் உள்ளே இருப்பதை வேறு யாரும் படிக்கக்கூடாது என்பதற்காக வைத்தது. இப்போது வரும் பல லெப்டொப்புகளில், மைக்ரோசொஃப்ட் கணக்கோடு விண்டோஸைத் தொடங்கும்போதே நம்மிடம் பெரிதாக எதையும் கேட்காமல் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டுவிடும். லெப்டொப்பைத் தொடக்கி வைக்கும் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருள் அப்டேட் ஆனால், மதர்போர்டை மாற்றினால், சில நேரம் சாதாரண விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் அது சந்தேகப்பட்டு மீட்பு எண்ணைக் கேட்கும். 2024 ஜூலையில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்றால் உலகம் முழுக்கப் பல கணினிகளில் இதே திரை வந்தது, மைக்ரோசொஃப்ட்டே அதை ஒப்புக்கொண்டது.

அந்த 48 இலக்க எண் பெரும்பாலும் உங்களுடைய மைக்ரோசொஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். யாருடைய போனிலிருந்தாவது அந்தக் கணக்குக்குள் போங்கள். சாதனங்கள் என்ற பகுதியில் உங்கள் லெப்டொப்பின் பெயர் இருக்கும், அதன் கீழே பிட்லொக்கர் மீட்பு எண்களைப் பார்க்கும் இடம் இருக்கும். நீலத் திரையிலேயே அடையாளக் குறியீடு ஒன்று தெரியும். அதன் முதல் 8 எழுத்துகள் கணக்கில் உள்ளதோடு ஒத்துப்போனால் அந்த எண்ணை அடியுங்கள், லெப்டொப் பழையபடி திறக்கும். பாடசாலையோ கம்பனியோ கொடுத்த கணக்கென்றால் அங்கே ஐ.டி. பார்ப்பவரிடம் எண் இருக்கும்.

தங்கச்சியின் எண்ணும் அவளுடைய கணக்கில் இருந்தது. கொழும்பில் வேலை செய்யும் ஒரு நண்பர் போனிலேயே எடுத்துக் காட்டினார். ஃபோமெட் அடித்து முடிந்த பிறகு அது எதற்கும் உதவாது. கொம்பியூட்டர் திருத்துவதையே தொழிலாகச் செய்கிறவருக்கு இந்தத் திரை என்னவென்று தெரியாமல் இருந்திருந்தாலும் தவறு, தெரிந்தே வைரஸ் என்று சொல்லியிருந்தாலும் தவறு. எது உண்மை என்று அவரிடமே கேட்டேன், நேரான பதில் கிடைக்கவில்லை.

ரெகவரி விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கோபம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக ஃபோமெட் அடித்தால், அதன் மேல் வேறு எதையும் எழுதாமல் உடனே நிறுத்தினால், பல கோப்புகளைத் திரும்ப எடுக்கலாம். இப்போதைய லெப்டொப்பில் இருப்பது எஸ்.எஸ்.டி. அதில் ஃபோமெட் அடித்ததும் விண்டோஸ் ‘இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்’ என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், டிஸ்க் உள்ளுக்குள் தானாகவே துடைத்துவிடும். அதற்கு மேல் இது பூட்டியிருந்த டிஸ்க், அதன் மேலே புதிய விண்டோஸும் ஏறிவிட்டது. எடுப்பதற்கு வழி இல்லை என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு அட்வான்ஸ் வாங்குவது, செத்த மாட்டுக்கு வைத்தியம் பார்க்கக் காசு வாங்குவது போன்றது. டேட்டா மீட்பை நேர்மையாகச் செய்பவர்கள் முதலில் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு முடியும், முடியாது என்று சொல்வார்கள். பார்க்காமலே அட்வான்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. லெப்டொப் வாங்கும்போதே அதில் உண்மையான விண்டோஸ் 11 ஹோம் இருந்தது. அந்த உரிமம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே ஹோம் பதிப்பைத் திரும்பப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே செயற்பாட்டுக்கு வந்துவிடும், ஒரு சதம் செலவில்லை. இவர்கள் போட்டது உரிமம் இல்லாமல் கிராக் செய்த திருட்டுப் புரோ பதிப்பு, அதோடு கிராக் ஒஃபிஸ். அந்தத் திருட்டுப் பதிப்பை ஓட வைக்கும் ஆக்டிவேட்டர் வேலை செய்வதற்காக, விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபென்டரில் ஒரு கோப்புறை முழுவதையும் சோதிக்காதே என்று விலக்கி வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்தே லெப்டொப்பை இயக்க உதவும் எனிடெஸ்க் இருந்தது, அதில் நாங்கள் அனுமதி கொடுக்காமலே வெளியிலிருந்து உள்ளே வரக்கூடியபடி பாஸ்வேர்ட் போடப்பட்டிருந்தது. “அடுத்த முறை பிரச்சினைன்னா கடைக்கு வராமலே செஞ்சு தரத்தான்” என்றார்கள். நல்ல எண்ணத்தோடு செய்ததாகவே இருக்கட்டும். ஒரு பெண்பிள்ளையின் லெப்டொப்புக்குள் அவளுக்குத் தெரியாமல் நுழையும் வழியை வைத்துவிட்டு, அதை அவளிடம் சொல்லாமல் அனுப்புவதை எப்படி ஏற்பது?

கிராக் ஆக்டிவேட்டர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் திருட்டு மென்பொருள்கள் குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை எடுப்பதோடு நிற்பதில்லை. நீங்கள் ஏற்கெனவே லொக்-இன் ஆகியிருக்கும் அடையாளத்தையே கொப்பி பண்ணிக்கொண்டு போகும். அதனால் போனுக்கு ஓ.டி.பி. வரும்படி வைத்திருந்தாலும் பேஸ்புக், ஜிமெயில் போய்விடலாம். கடையில் இப்படிப்பட்ட விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தால், அந்த லெப்டொப்பிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி எந்தப் பயனும் இல்லை. சுத்தமான வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்துங்கள், அதற்குப் பிறகு மைக்ரோசொஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸை இறக்கி நீங்களே போடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கணக்கு ஏற்கெனவே பறிபோயிருந்தால் கணினிப் பாதுகாப்புப் பிரச்சினைகளைப் பார்க்கும் இலங்கை சேர்ட்டின் (CERT) 101க்கு எடுங்கள்.

கடைக்குக் கொடுக்கவே வேண்டி வந்தால், சாமானை நீட்டும் முன்பே ரசீதில் எழுதச் சொல்லுங்கள்: ‘உரிமையாளரைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது’. எழுத மறுக்கும் கடையில் கொடுக்காதீர்கள். மொடல், சீரியல் நம்பர், ரேம் எத்தனை, எஸ்.எஸ்.டி. எத்தனை ஜி.பி. என்பதும் ரசீதில் இருக்கட்டும். டிஸ்ப்ளே, கீபோர்ட், சார்ஜிங் ஓட்டை என்று டிஸ்க்குக்குச் சம்பந்தமில்லாத வேலை என்றால், எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி உங்களிடமே தரச் சொல்லலாம். பல லெப்டொப்புகளில் அது ஒரே ஒரு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. ஜிமெயில் பாஸ்வேர்டை எந்தத் திருத்த வேலைக்கும் கொடுக்கத் தேவையில்லை. போன் என்றால், புதிய செம்சங் போன்களில் மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் கடைக்காரர் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களும் மெசேஜ்களும் அவருக்குத் தெரியாது.

சேமிப்பைப் பற்றி. ஒரே டிஸ்க்கில் சி, டி என்று பிரித்து வைத்திருப்பது ஒரே பெட்டிக்கு இரண்டு தட்டு போட்டது, அவ்வளவுதான். டி டிரைவில் போட்டால் பாதுகாப்பு என்ற பேச்சு நம் கடைகளில் எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. துறையில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு 3-2-1: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. வீட்டுக்கு வெளியே என்பது மலையகத்தில் வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனை குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியே ஓடின. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ்களைப் போனில் ஸ்கேன் பண்ணி, ஒரு பிரதி கூகுள் டிரைவிலும், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் மாமா வீட்டுப் பென் டிரைவிலும் வையுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி. இதற்குத் தாராளம். தோட்டத்தில் சிக்னல் இல்லாவிட்டால் டவுனுக்குப் போகும் நாளில் ஏற்றுங்கள்.

ஒரு பிரதி எப்போதும் கழற்றியே இருக்க வேண்டும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரென்சம்வெயார் தாக்கியபோது, அதோடு இணைந்திருந்த பெக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், சுமார் 5,000 முகவரிகளில், திரும்ப வரவில்லை. அரசாங்கத்துக்கே அந்த நிலைமை.

கோட் எழுதும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. கோடைச் சேமித்து வைக்கும் இணையத்தளமான கிட்ஹப்பில் பிரைவேட்டாக வைத்துக்கொள்ள இப்போது காசு இல்லை. ஒவ்வொரு நாள் வேலையும் முடிந்ததும் அங்கே ஏற்றிவிடுங்கள். லெப்டொப் போனாலும் கோட் இருக்கும். கொழும்புக் கம்பனியில் நேர்முகத்துக்குப் போகும்போது நமக்குத் தெரிந்தவர் யாரும் உள்ளே இருக்க மாட்டார். எத்தனை மாதமாக, எப்படி யோசித்து எழுதினாய் என்பதற்கு அந்தப் பக்கம்தான் சாட்சி. மலையகப் பிள்ளைகளுக்கு அதன் பெறுமதி இன்னும் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

தங்கச்சி தன் புரொஜெக்ட் மேற்பார்வையாளருக்கு முன்பு மின்னஞ்சலில் அனுப்பிய ஒரு பழைய பதிப்பு கிடைத்திருக்கிறது. செயலியை அதிலிருந்து திரும்ப எழுதுகிறாள். ஒலிப்பதிவுகள் கிடைக்கவில்லை. பேசிய பெண்களில் ஒருவர் இப்போது மகளோடு வத்தளைக்குப் போய்விட்டார். மற்றவர்களிடம் திரும்பவும் கேட்க வேண்டும்.

முறைப்பாட்டை நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் கொடுத்தோம். அவர்களின் தொலைபேசி 1977. பொருள் வாங்கிய அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ரசீது வேண்டும். கேட்டால் ரசீது கொடுப்பது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அது இருக்கிறது. நாங்கள் ஃபோமெட் காசுக்கு ரசீது வாங்கியிருந்தோம். அட்வான்ஸுக்குக் கேட்டபோது “அதெல்லாம் வேலை முடிஞ்ச பிறகு” என்றார்கள். கடைக்காரரிடமிருந்து வந்த வட்ஸ்அப் மெசேஜ்களில் அந்தத் தொகை இருக்கிறது, அதை அச்சடித்து இணைத்திருக்கிறோம். ஹட்டன் பக்கம் இதே மாதிரி நீலத் திரைக்கு ஃபோமெட் அடித்துக் கொடுக்கப்பட்டவர்கள் இருந்தால், மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, மூன்று மாதம் தாண்டுவதற்குள் நீங்களும் எழுதுங்கள்.