ஃபேமிலி லிங்க் போட்டு இரண்டு வருஷம்: மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மா

மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. மகள் போனிலும் மகன் டேப்பிலும், பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கண்காணிக்க உதவும் ஆப்பான கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. போடலாமா என்று கேட்டால், போடுங்கள் என்றுதான் சொல்வேன். நான் வைத்தபடி இரவு 9 மணி ஆனால் போன் தானாகப் பூட்டிக்கொள்ளும், புது ஆப் இறக்க வேண்டுமென்றால் என் போனுக்கு அனுமதி கேட்டு வரும், எதில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்றும் தெரியும். ஆனால் விளையாட்டுக்குள் யார் வந்து என்ன பேசுகிறார்கள் என்பதை அது காட்டாது. அந்த வேலைக்கு வந்த ஆப்பும் இல்லை அது. எனக்கு இது போன வருஷம்தான் உறைத்தது.

காலாண்டு லீவு, குறுவை அறுப்பு. நாங்கள் வயலில், பிள்ளைகள் அப்பாயியிடம். அப்பாயி போனில் எந்தப் பூட்டும் கிடையாது. அதில் விளையாடிய மகளிடம் "அண்ணா" என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பழகியிருக்கிறான். முதலில் விளையாட்டில் ஏதோ பரிசு கொடுத்தான், அப்புறம் எந்த வகுப்பு என்றான், அப்புறம் போட்டோ கேட்டான். எங்கள் ஊர்க் கோயில் குளமான ஹரித்ராநதியின் படிக்கட்டில் யூனிஃபார்மோடு எடுத்த படத்தை அனுப்பிவிட்டாள். ஊர் பெயர் எங்கும் இல்லை, ஆனால் பின்னால் குளத்தின் நடுவில் அந்த மண்டபம் தெரிகிறதே, பார்த்தவர்கள் மன்னார்குடி என்று சொல்லிவிட மாட்டார்களா?

"அம்மாகிட்ட சொல்லாத, போனைப் புடுங்கிடுவாங்க" என்றும் எழுதியிருந்தான். அதே வார்த்தையைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். சோற்றைப் பிசைந்தபடியே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவளை இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

கோபத்தில் எல்லாவற்றையும் அழிக்கப் போனேன். நல்லவேளை, அழிக்கவில்லை. அதுதான் ஆதாரம். முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் ரிப்போர்ட், பிளாக், பிறகு மத்திய அரசின் சைபர்கிரைம் இணையதளத்தில் புகார். 1098 குழந்தைகள் உதவி எண், இரவிலும் கூப்பிடலாம், குழந்தையே கூப்பிடலாம். இரண்டு பேருக்கும் மனப்பாடம் ஆக்கிவிட்டேன்.

நான் யோசித்து யோசித்துக் கண்டது ஒன்று. நம் பக்கம் தெருவில் பெரியவர்கள் யார் பார்த்தாலும் "நீ யாரு வீட்டுப் புள்ள, எங்க படிக்கிற?" என்றுதான் கேட்பார்கள், பதில் சொல்லாத பிள்ளையை மரியாதை தெரியாதது என்போம். போனுக்குள் வருகிறவனும் அதே கேள்வியைத்தான் கேட்கிறான். நாம் பழக்கியபடி பிள்ளை பதில் சொல்கிறது. ஆகவே "முன்பின் தெரியாதவரிடம் பேசாதே" என்று பொதுவாகச் சொல்வது எங்கள் வீட்டில் எடுபடவில்லை. தெருவில் கேட்டால் சொல்லலாம், போனில் கேட்டால் சொல்ல வேண்டாம், அது மரியாதைக் குறைவு இல்லை என்று பிரித்துச் சொன்ன பிறகுதான் புரிந்தது. சாப்பிடும்போது நானே அந்த ஆளாக நடித்துக் கேட்பேன். மகன் முதல் தடவை "நீங்க எந்த ஊரு மாமா?" என்று திருப்பிக் கேட்டான். அதுவும் வேண்டாம், பேசாமல் என்னிடம் எடுத்துக்கொண்டு வா என்றேன்.

வாட்ஸ்அப்பில் தெரிந்த எண்கள் மட்டுமே குரூப்பில் சேர்க்கும்படி மாற்றினோம். அப்பாயி போனுக்கும் பூட்டு வந்தது. இது போக, சொன்னால் போனைப் பிடுங்க மாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

போன மாசம் அடுப்படிக்கு வந்து போனை நீட்டினாள். "அம்மா, ஒருத்தர் எந்த ஊருன்னு கேக்குறாங்க." ஈரக்கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தேன், இருவருமாகச் சேர்ந்து பிளாக் செய்தோம், போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு அவளுக்கு இன்னும் 20 நிமிஷம் பாக்கி இருந்தது, விளையாடினாள்.