நிக்கலுக்கு எச்.எஸ். கோடு: 75ஆம் அத்தியாயத்தோடு நீண்ட நாள் அனுபவம்

நிக்கல் சரக்குகளுக்கு எச்.எஸ். கோடு (ஏற்றுமதி, இறக்குமதியில் சரக்கை வகைப்படுத்தும் சர்வதேச எண்) போடுவது என் அன்றாட வேலை. நிக்கலுக்கான 75ஆம் அத்தியாயத்தில் 7501 முதல் 7508 வரை எட்டே தலைப்புகள்தான். மேட் (தாதை உருக்கிக் கிடைக்கும் இடைநிலைப் பொருள்) தொடங்கி கேதோடு (மின்பகுப்பில் கிடைக்கும் நிக்கல் தகடு), ஸ்கிராப், தூள், கம்பி, தகடு, குழாய் என உலோகம் பக்குவப்படும் வழியிலேயே வரிசையும் போகிறது. பழகிவிட்டால் கை தானாகவே சரியான பக்கத்துக்குப் போகும். தாது (2604), ஃபெரோநிக்கல் (7202.60), நிக்கல் சல்பேட் (2833.24) போன்றவற்றுக்கு வேறு அத்தியாயம்.

உலோகக்கலவைக்கான விதி எனக்கு மிகவும் பிடித்தது. எடையில் மற்ற ஒவ்வொரு உலோகத்தையும்விட நிக்கல் கூடுதலாக இருந்தால் போதும், பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. இன்கோலாய் 825 என்ற உலோகக்கலவையில் நிக்கல் 38 முதல் 46 சதவீதம்தான், ஆனாலும் அது 75க்கு வரும். அதே பெயர் கொண்ட இன்கோலாய் 800இல் நிக்கல் 30 முதல் 35, இரும்போ குறைந்தது 39.5. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, இரும்பு, எஃகுக்கான 72ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். இன்வாய்ஸில் வெறும் ‘இன்கோலாய்’ என்று இருந்தால் நான் கோடு போடுவதே இல்லை.

கலப்பில்லாத நிக்கலில்தான் நிதானம் தேவை. நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்து 99 சதவீதம் இருந்தால் போதாது. கோபால்ட் 1.5, இரும்பு 0.5, ஆக்சிஜன் 0.4, மற்ற தனிமங்கள் ஒவ்வொன்றும் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வணிகத் தூய்மை கொண்ட நிக்கல் 200 தரத்தையே பாருங்கள். அதன் தர வரையறை மாங்கனீசை 0.35 வரை அனுமதிக்கிறது. ஆலையின் சோதனைச் சர்டிபிகேட்டில் மாங்கனீசு 0.32 என்று இருந்தால், அந்தக் கம்பி (ராட்) 7505.11 (கலப்பில்லாதது) அல்ல, 7505.12 (உலோகக்கலவை). தரத்தின் பெயரை நம்பாமல் அந்த ஹீட்டின் (ஒரே தடவையில் உருக்கிய தொகுதி) அளவைத்தான் பார்க்க வேண்டும்.

குறை என்றால் தூள்தான். 7504இல் ஆறு இலக்க அளவில் பிரிவே இல்லை. தூய நிக்கல் தூளும், 3டி பிரிண்டிங்குக்கான விலை உயர்ந்த சூப்பர் அலாய் தூளும் ஒரே கோடில் கிடக்கின்றன. வர்த்தகப் புள்ளிவிவரத்தில் சராசரி விலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. 7508.90உம் அப்படித்தான்: மின்முலாம் ஆனோடு (முலாம் தொட்டியில் தொங்கவிட்டுக் கரைக்கும் நிக்கல் துண்டு), திருகு எல்லாம் ஒன்றாக அங்கேதான்.

ஆனோடு என்று சொல்லி வரும் சரக்கைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. கேதோடைச் சதுரத் துண்டுகளாக வெட்டியது மட்டும் என்றால், முலாம் தொட்டிக்கே போனாலும் அது 7502தான். தொங்கவிடக் கொக்கியோ அதற்கான துளையோ இருந்தால் 7508.